காலை வானொலியும் அரைப்பேரும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் நீங்கள் முதன்முதலாகக் கேட்கும் ஒலி எது? கொழும்பில் இருப்பவர் பஸ்ஸின் இரைச்சல் என்பார். யாழ்ப்பாணத்தவர் கோயில் மணி என்பார். காத்தான்குடியில் இருப்பவர் பள்ளிவாசலின் பாங்கு என்பார். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த எனக்கு இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடிவதில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கு மூன்று விடைகள் இருக்கின்றன.

என் பாட்டனார் காலத்தில் அது தப்பு. விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஒருவர் தப்பை அடித்துக்கொண்டு லயம் லயமாகப் போவார். 'பெரட்டுத் தப்பு' என்பது அதன் பெயர். பெரட்டு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொழிலாளர் அனைவரும் காலையில் ஒரு களத்தில் வந்து நிற்க, கணக்கப்பிள்ளையும் கங்காணியும் ஆள் எண்ணி, இன்ன மலைக்கு இன்னார் என்று வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. அந்தக் களத்துக்கு நேரத்துக்கு வராதவருக்கு அன்றைய வேலை இல்லை. என் தாயார் காலத்தில் தப்பின் இடத்தைச் சங்கு பிடித்துக்கொண்டது. அவற்றோடு கங்காணியின் குரலும் உண்டு. நன்றாகக் கவனித்தால், இந்த ஒலிகள் எல்லாமே கட்டளைகள்தாம். எழுந்திரு, வா, வரிசையில் நில், மலைக்குப் போ. சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடும் பாட்டில் விடியல் தப்பொலியோடு வருவதை இலக்கியம் கற்றவர்கள் அறிவார்கள். அவர் வட்டகொடைப் பக்கத்து மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தவர். கேட்டு வளர்ந்ததைத்தான் எழுதினார்.

மூன்றாவது விடை, என் தலைமுறையின் விடை, வானொலி. மலைநாட்டுத் தோட்டங்களின் விடியலில் கட்டளை இடாமல் பேசிய முதல் குரல் அதுதான் என்று நான் நினைக்கிறேன். இலக்கியத் தொடரில் வானொலியைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணமும் அதுவே.

இந்நாட்டில் வானொலியின் கதை பழையது. தந்தித் திணைக்களப் பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர், முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்புக் கருவி அமைத்து, கிராமபோன் இசைத்தட்டுகளைக் காற்றில் அனுப்பிப் பார்த்தார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கி வைக்கப்பட்டது. 1950 செப்டெம்பரில் வர்த்தக சேவை பிறந்தது. எஸ். பி. மயில்வாகனனின் குரல் கடல் கடந்து தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளிலும் கேட்டது. 1967இல் 'ரேடியோ சிலோன்' கூட்டுத்தாபனமாயிற்று. இவையெல்லாம் பலரும் எழுதியவை.

இவை நடந்துகொண்டிருந்தபோது லயத்தில் வானொலி இல்லை. துரை பங்களாவில் இருந்தது. பெரிய கிளாக்கர் வீட்டில் இருந்தது. லயத்துக்குள் அது வந்தது டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான். மின்சாரமில்லாத காம்பராவில் பற்றரியில் பாடும் பெட்டி என்பதுதான் அதன் பெருமை. எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா. முதலில் வந்தது ஒரே ஒரு ரேடியோ. அதற்குப் பூவேலை செய்த துணியில் உறை. இருப்பிடம் இஸ்தோப்பில் ஒரு பலகைத் தட்டு. பற்றரி இறங்கிப் போனால் புதிது வாங்கச் சம்பள நாள் வரவேண்டும். அதுவரை பற்றரிகளை வெயிலில் வைப்போம். வெயில் இல்லாத ஊர் அது, ஆகவே அடுப்படியில் வைப்போம். சற்றே உயிர் வரும். ஆகையால் எங்கள் ரேடியோ நாள் முழுதும் பாடியதில்லை. காலையில் சிறிது நேரம், இரவில் சிறிது நேரம். அப்படி அளந்து கேட்டதனால் கேட்டது மனத்தில் நின்றது.

அந்தக் காலை நேரத்தில் என்னென்ன வரும்? முதலில் பக்திப் பாடல்கள். பிறகு நற்சிந்தனை. சைவ நற்சிந்தனை, இஸ்லாமிய நற்சிந்தனை, கிறிஸ்தவ நற்சிந்தனை என்று அவரவருக்கு உரியது. செய்திகள், வானிலை. வர்த்தக சேவைப் பக்கம் போனால் 'பொங்கும் பூம்புனல்'. அதன் தொடக்க இசை காதில் விழுந்ததும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குக் கால் வேகம் எடுக்கும். சில நாட்களில் கலையகத்துக்கு யாராவது ஒருவர் வந்து உரையாடுவார். எழுத்தாளர், வைத்தியர், பாடகர், பேராசிரியர் என்று அறிவிப்பாளர் அறிமுகம் செய்வார்.

பாட்டு, ஒரு நல்ல வார்த்தை, ஒரு விருந்தினர். உலகெங்கும் காலை வானொலி இந்த மூன்றையும்தான் வெவ்வேறு அளவில் கலந்து கொடுக்கிறது. பி.பி.சி.யின் காலைச் செய்தி நிகழ்ச்சிக்கு நடுவே 1970 முதல் சில நிமிடச் சிந்தனை ஒன்று வருகிறது. தமிழ்நாட்டில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் சென்னை வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்னபோது வீடுகளில் மக்கள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர் பெரிய தத்துவம் பேசியதில்லை. ஒரு கருத்தைச் சாவதானமாகச் சொல்லி, முடிவில் ஒரு குட்டிக் கதையைப் போட்டுச் சிரிக்க வைத்துவிட்டு, தாம் சிரிக்காமல் போய்விடுவார்.

இந்த மூன்றும் ஏன் காலைக்குப் பொருந்துகின்றன? ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் யாரோ வருகிறார். உள்ளே யாரோ முணுமுணுப்பாகப் பாடுகிறார். மூத்தவர் ஒருவர் திண்ணையிலிருந்து ஏதோ புத்தி சொல்கிறார். இவை மூன்றும் இருந்தால் அது ஆளிருக்கும் வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், விடியற்காலைப் பனியில், ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெட்டி அத்தகைய வீட்டைச் சில நிமிடங்களுக்குக் கட்டிக் கொடுத்தது. அவள் முழுதாகக் கேட்டாளா என்றால் இல்லை. காதின் ஒரு பக்கத்தால் கேட்டாள். அதுவே போதுமாயிருந்தது.

இனி, பெயர் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்ற சொல்லுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலையை முழுதாகச் செய்து, அதற்கான கொழுந்தையும் நிறுத்துக் கொடுத்தால் செக்ரோலில் 'பேர்' விழும். கொழுந்து குறைந்தாலோ பாதியில் போனாலோ 'அரைப்பேர்'. "இந்த மாசம் எத்தன பேரு?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனை நாள் சம்பளம் என்று கேட்கிறாள். பெயர் என்பது கூலியாகிப்போன ஓர் உலகம் அது. அந்தப் பெயரை எழுதுவது கணக்கப்பிள்ளையின் கையில்.

இந்த உலகத்துக்குள் வானொலி வேறொரு விதமாகப் பெயரைக் கொண்டுவந்தது. நேயர் விருப்பம் கேட்டு எழுதினால், பிறந்தநாள் வாழ்த்துக் கேட்டு எழுதினால், அறிவிப்பாளர் பெயரை வாசிப்பார். பெயரோடு தோட்டத்தின் பெயரையும், மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்பதையும் வாசிப்பார். எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் பெயர்கள் பெரும்பாலும் சீமைப் பெயர்கள்: பல்மோரல், கிளாஸ்கோ, ஹோல்புரூக், வேவர்லி, சென்றிங்ஹாம், டொரிங்டன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வானொலி நிலையம் இருந்த இடத்துக்கும் அக்காலத்தில் டொரிங்டன் சதுக்கம் என்றுதான் பெயர். இன்று அது சுதந்திர சதுக்கம். டொரிங்டன் தோட்டத்திலிருந்து டொரிங்டன் சதுக்கத்துக்கு ஒரு தபாலட்டை போகும். அங்கே அது குரலாகி மலைக்குத் திரும்பி வரும். நாங்கள் ஏறியிராத கொழும்பு மாடிப்படிகளில் எங்கள் கையெழுத்து ஏறிவிட்டது என்று நினைத்தே பூரித்துப் போவோம். பெயர் வாசிக்கப்பட்டவன் அன்று பெரட்டுக் களத்தில் சற்று நிமிர்ந்து நிற்பான். அந்தப் பெயருக்குக் கொழுந்து நிறுக்கவேண்டியதில்லை. அதில் பாதியைக் குறைக்கவும் யாராலும் முடியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி 1974இல் தீர்மானிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் மனிதர்கள் எண்களாகப் பேசப்பட்டார்கள். எங்கள் லயத்திலிருந்தும் குடும்பங்கள் 'பயணம்' போயின. முதலில் ரேடியோ வாங்கிய குடும்பம் அவற்றுள் ஒன்று. சட்டி பானையை விற்றார்கள், கோழிகளை விற்றார்கள். ரேடியோவைத் துணி மூட்டைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பல மாதங்களின் பின் கோத்தகிரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கேயும் தேயிலைதானாம், அங்கேயும் பனிதானாம். "காலையில் சிலோன் ரேடியோ இங்கும் எடுக்கிறது, அதே குரல் கேட்கிறது, நீங்களும் அந்த நேரம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வோம்" என்று எழுதியிருந்தார்கள். எல்லை போட்டுப் பிரித்த இரண்டு லயங்கள் ஒரே காலைப் பாட்டில் சற்றுநேரம் சேர்ந்திருந்தன என்பதை நான் அந்தக் கடிதத்தால் அறிந்தேன்.

இதுவரை வானொலியின் புகழைப் பாடினேன். என் மனக்குறையை இனிச் சொல்லவேண்டும்.

நாங்கள் நேயர்களாக இருந்தோம். விருந்தினர்களாக இருந்தோமா? பாட்டுக் கேட்டு எழுதியவர்கள் நாங்கள். ஆனால் அந்தப் பாட்டு சினிமாப் பாட்டு. நற்சிந்தனை கேட்டோம், அதைச் சொன்னவர் அறிஞர். மலையைப் பற்றிப் பேசவேண்டி வந்தபோதும், பெரும்பாலும் மலையைப் பற்றிப் படித்தவர் ஒருவர் வந்து பேசினார்.

மலைநாட்டுக்குச் சொந்தக் குரல் இல்லாமல் இல்லை. வானொலி லயத்துக்கு வருமுன்னரே, கோ. நடேசையரின் கூட்டங்களில் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாடுவார். சட்டத்தையும் உரிமையையும் பாட்டாகக் கேட்ட பின்னரே சனங்கள் பேச்சைக் கேட்டார்கள். பாட்டும் சிந்தனையும் கலந்த நிகழ்ச்சி எங்களுக்குப் புதியதல்ல என்பதற்கு இது சான்று. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகக் கேட்டுச் சேகரித்த நாட்டார் பாடல்கள், அவர் 1984இல் மறைந்த பின் நூலாகி வந்தன. 'ஒரு கூடைக் கொழுந்து' எழுதிய என். எஸ். எம். இராமையா வானொலி நாடகங்கள் எழுதியவர். இவர்கள் வழியாக எங்கள் பேச்சு அச்சிலும் அலையிலும் ஏறியது. எனினும் கூடையைச் சுமந்தவளே ஒலிவாங்கியின் முன் உட்காருவது வேறு விஷயம்.

அப்படி ஒரு நாள் உட்கார்ந்தவளை எனக்குத் தெரியும். அவர் என் பெரியம்மா. என் தாயாரின் அக்காள். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நான் அப்போது இளம் ஆசிரியன். ரேடியோவுக்குக் கடிதம் எழுதுவதில் பெயர் பெற்றவன். காலைச் சஞ்சிகை நிகழ்ச்சியொன்றைத் தயாரித்த அன்பர், மலைநாட்டுப் பாடல்கள் தெரிந்த யாரேனும் இருந்தால் ஒலிப்பதிவு செய்யலாம் என்று எழுதியிருந்தார். பெரியம்மாவுக்குப் பாட்டு என்று தனியாக ஒன்று தெரியாது, பேசுவதுபோலவே பாடுவார். தாலாட்டு, நடவு நட்ட ஊரிலிருந்து பாட்டி கொண்டுவந்த பாட்டு, கங்காணியைக் கிண்டல் செய்யும் பாட்டு, மாசி மாதக் காமன் கூத்தில் கேட்டது, இழவு வீட்டில் சொல்லுவது எல்லாம் உண்டு. "ரேடியோவில பாட வாரீங்களா பெரியம்மா?" என்று கேட்டேன். "ஏன் ராசா, ஊருல வேற ஆளு இல்லியா?" என்றார். பிறகு, "என்னிக்கு?" என்று கேட்டார். அது ஒரு வேலை நாள்.

ஒலிப்பதிவு தலவாக்கலையில் ஒரு வீட்டில் நடந்தது. காலையில் பெரட்டுக்குப் போய், பத்து மணி வரை கொழுந்து பறித்து நிறுத்துவிட்டு, படங்கை அவிழ்த்து வைத்துவிட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது. கூச்சம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கூச்சம் எனக்குத்தான் இருந்தது. அவர் இரண்டு பாட்டுப் பாடினார். பிறகு தயாரிப்பாளர், "அம்மா, மலையில பாடிக்கிட்டே கொழுந்து எடுப்பீங்களா?" என்று கேட்டார். பெரியம்மா சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "அங்க எங்கங்க ஐயா பாடுறது? வாயத் தொறந்தா கங்காணி திட்டுவாரு. மனசுக்குள்ளதான் பாடுவோம். வாயி சும்மா இருக்கும், கையி அதுபாட்டுக்குப் போகும்."

கொழுந்து பறிக்கும் பெண்கள் பாடிக்கொண்டே பறிப்பதாகச் சினிமாவில் பார்த்திருக்கிறோம், கவிதையில் படித்திருக்கிறோம். நானும் அப்படி ஒரு கவிதை எழுதி வைத்திருந்தேன். அந்த ஒரு பதிலோடு அதைக் கிழித்தேன். விருந்தினரை அழைத்துக் கேட்பதன் பயன் இதுதான். வெளியில் இருந்து பார்த்தவன் பாட்டைக் கேட்கிறான். உள்ளே இருப்பவள்தான் மௌனத்தைப் பற்றிச் சொல்லமுடியும்.

ஒலிபரப்பு நாள் வந்தது. காலை ஏழு மணிச் செய்திக்குப் பிறகு. நாளையும் நேரத்தையும் நான் பெரியம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஏழு மணிக்கு நான் எங்க ராசா இருப்பேன்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறரை மணிக்குப் பெரட்டு. அதற்கு முன் பிள்ளைக் காம்பராவில் பேரப்பிள்ளையை விடவேண்டும். ஏழு மணிக்கு அவர் மலையில், முதல் நிரையில் நிற்பார். காலை நிகழ்ச்சி, காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடுபவளுக்கு எட்டாத நிகழ்ச்சி. அத்தனை ஆண்டுகள் வானொலி கேட்டவன், ஆசிரியன், கவிதை எழுதுபவன், இந்தச் சிறு கணக்கைப் போடாமல் இருந்துவிட்டேன். லீவு போடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒலிப்பதிவுக்கு வந்த நாளுக்கே அவருக்கு அரைப்பேர்தான் விழுந்திருந்தது.

"நீங்கள் கவலைப்படாதீர்கள், நான் கெசட்டில் எடுத்து வைக்கிறேன்" என்றேன். அன்று காலை ரேடியோவையும் கெசட் பெட்டியையும் அருகருகே வைத்துப் பதிவு செய்தேன். அறிவிப்பாளர் பெரியம்மாவின் முழுப் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், பிரிவின் பெயரையும் பிழையில்லாமல் சொன்னார். இரண்டு பாட்டும் அந்தப் பதிலும் வந்தன. லயத்தில் மீந்திருந்த கிழவர்களும் பிள்ளைகளும் என் வாசலில் நின்று கேட்டார்கள்.

மாலையில் பெரியம்மா வந்தார். கூடையை இறக்கிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் உட்கார்ந்தார். அவருக்காகவே புதிதாகப் பற்றரி வாங்கிப் போட்டு கெசட்டைச் சுழலவிட்டேன். கீச்சுக் கீச்சென்று ஒரு சின்னப் பிள்ளையின் குரல் விரைந்து ஓடியது. காலையில் பதிவு செய்தபோது பற்றரி இறங்கியிருந்திருக்கிறது. நாடா மெல்ல ஓடியிருக்கிறது. புதுப் பற்றரியில் அது வேகமாக ஓட, குரல் மேலே போய்விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். "இது நானில்ல ராசா, யாரோ சின்னப்புள்ள" என்றார். பிறகு எழுந்து போகும்போது, "பேரு முழுசாச் சொன்னாங்களாமே? மலையில சொன்னாளுக. பரவால்ல. அன்னிக்கு எனக்கு அரைப்பேருதான், ரேடியோவுலயாச்சும் முழுப்பேரு விழுந்துச்சே" என்றார்.

அவர் இப்போது இல்லை. தம் குரலைத் தாம் கேட்காமலேயே போனார். அந்த நாடாவும் மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. இதில் நான் குறைசொல்ல வேறு யாரும் இல்லை. தயாரிப்பாளர் மரியாதையாக நடந்தார். அறிவிப்பாளர் பெயரைச் சரியாகச் சொன்னார். பற்றரியைப் பார்க்காதது என் குற்றம். ஆனால் அவருடைய நேரத்தைப் பார்க்காதது என் ஒருவனின் குற்றம் மட்டும்தானா என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். 'காலை' என்று சொல்லும்போதே நாம் யாருடைய காலையை நினைக்கிறோம்? அலுவலகத்துக்குப் புறப்படுகிறவரின் காலையையா? ஏழு மணிக்குத் தேநீர்க் கோப்பையோடு உட்காருகிறவரின் காலையையா? அந்தக் கோப்பையில் இருக்கும் கொழுந்தைப் பறித்தவளுக்கு அந்நேரம் காலை முடிந்து பகல் தொடங்கியிருக்கும்.

பெரியம்மாவின் நாளுக்கும் இன்றைக்கும் வானொலியில் பல மாற்றங்கள். 1998இல் சூரியன் எஃப்.எம்., சக்தி எஃப்.எம். ஆகியன வந்தன. அறிவிப்பாளர் எழுத்துத் தமிழிலிருந்து இறங்கிப் பேச்சுத் தமிழில் கலகலப்பாகப் பேசினார். தபாலட்டையின் இடத்தில் தொலைபேசி வந்தது. நேயர் தம் குரலிலேயே பேசினார். எஃப்.எம். அலை நேராகப் போவது. மலை மறித்தால் நின்றுவிடும். ஆகவே மேட்டு லயத்தில் தெளிவாகக் கேட்பது பள்ளத்து லயத்தில் இரையும். என்றாலும் கைத்தொலைபேசியில் வானொலி வந்தபின் அது படங்கு மடிப்புக்குள்ளும் போய்விட்டது. இன்று மலையில் நிரை பிடித்துக்கொண்டே ஒரு காதில் பாட்டுக் கேட்கும் பெண்களை நான் பார்க்கிறேன். பெரியம்மா மனத்துக்குள் பாடியதை இவர்கள் காதுக்குள் கேட்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்திலேயே நல்ல முன்மாதிரி ஒன்றும் இருந்தது. கொத்மலை அணைக்கட்டால் இடம்பெயர்ந்த மக்களிடையே வளர்ந்த கொத்மலை சமூக வானொலி, 1990களின் கடைசியில் ஒரு புதுமை செய்தது. கிராமத்தவர் கேள்வி அனுப்புவார்கள். கலையகத்தில் இணையத்தில் தேடி, அத்துறை தெரிந்த ஒருவரை விருந்தினராக உட்கார வைத்து விளக்கம் சொல்லுவார்கள். உலகின் பல நாடுகளிலிருந்தும் அதைப் பார்க்க வந்தார்கள். அது பெரும்பாலும் சிங்களத்தில் நடந்தது. ஆயினும் அதில் எனக்குப் பிடித்தது, நிகழ்ச்சியின் தொடக்கம் கிராமத்தவரின் கேள்வியாக இருந்ததுதான். கலையகம் அதற்கு விடை தேடிப் போயிற்று.

நேயர்களே, காலை நிகழ்ச்சி தயாரிக்கும் அன்பர்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு.

முதலாவது, விருந்தினர் பற்றியது. மேதினத்திலும் சம்பளப் பிரச்சினை வரும்போதும் மட்டும் தோட்டத் தொழிலாளியைத் தேடாதீர்கள். சம்பளத்தைப் பற்றி அவள் பேசத்தான் வேண்டும், பேசுவாள். ஆனால் மட்டக்கம்பை வைத்துச் செடியின் தலையைச் சமமாக்கும் கணக்கைப் பற்றியும் கேளுங்கள். பனி விழுந்து கருகிய செடியைப் பற்றியும், அட்டைக் கடிக்கு அவள் வைத்திருக்கும் வைத்தியத்தைப் பற்றியும் கேளுங்கள். ஒரு பேராசிரியரை அழைத்தால் அவருக்குத் தெரிந்ததைக் கேட்கிறோம். இவளை அழைத்தால் இவள் பட்டதை மட்டும் கேட்கிறோம். இவளுக்கும் தெரிந்தது நிறைய உண்டு.

இரண்டாவது, பாட்டு. பழைய பாட்டுத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். இன்று ஒலிப்பதிவுக்குத் தலவாக்கலை போகவேண்டியதில்லை. பேத்தியின் கைத்தொலைபேசி போதும், பற்றரி இறங்கினால் அதுவே சொல்லும். பாடியவரின் பெயரையும், தோட்டத்தையும், நாளையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். சி. வி. காகிதத்தில் செய்ததை நாம் குரலில் செய்யலாம்.

மூன்றாவது, நேரம். காலை நிகழ்ச்சியில் ஒருவர் பேசினால், அவர் கேட்கக்கூடிய ஒரு மாலை நேரத்தில் அதை மறுபடி ஒலிபரப்புங்கள். கொழுந்து நிறுத்து, பிள்ளையை எடுத்துக்கொண்டு, பீலியில் கைகால் கழுவி, அடுப்பு மூட்டும் நேரம் ஒன்று இருக்கிறது. சில நிமிடங்கள் போதும். விருந்தாளியை அழைத்துவிட்டு அவருக்கு மட்டும் பரிமாறாமல் விடுவது நம் வழக்கமில்லையே.

இந்த மண்ணில் மலைநாட்டு மக்களை நெடுங்காலம் திரும்பிப் போகவேண்டிய விருந்தாளிகளாகத்தான் பார்த்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்க்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது. 2023இல், வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முதலில் வந்தவர்கள் காட்டு வழியே நடந்த திசை அது. இனி அவர்கள் வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரரை ஒரு காலை நேரம் கலையகத்துக்கு விருந்தினராக அழைப்பதில் உள்ள மரியாதை வேறு.

நான் ஓய்வு பெற்று ஆண்டுகள் சில ஆகின்றன. இப்போதும் அக்கரப்பத்தனையில்தான் இருக்கிறேன். விடியற்காலையில் ஆக்ரா ஓயாவின் சத்தமும், தூரத்தில் முதல் பஸ்ஸின் சத்தமும் கேட்கும். பழக்கத்தில் ரேடியோவைத் திருப்புகிறேன். யாரோ ஒருவரின் முழுப்பெயரையும் ஊரையும் அறிவிப்பாளர் சொல்லும்போது இன்றும் என் காது நிமிர்கிறது. ஏழு மணி ஆனதும் சன்னலைத் திறந்து எதிர்மலையைப் பார்க்கிறேன். பனிக்குள்ளே நிரை ஏறிக்கொண்டிருக்கிறது. கொங்காணி போட்ட தலைகள் வரிசையாகத் தெரிகின்றன. வாய்கள் சும்மா இருக்கின்றன. அவற்றுள் எத்தனை பேர் மனத்துக்குள் பாடிக்கொண்டிருக்கிறார்களோ, அது எந்த அலைவரிசையிலும் இன்னும் வரவில்லை.

இந்த உரை மாலையில் ஒருமுறை மறு ஒலிபரப்பாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மலையிலிருந்து இறங்கி வந்து கேட்பவர்களுக்கு என் தனி வணக்கம்.